வதாத்தின் நாலு வரியும் எட்டுத் தெரு மின்சாரமும்

நக்லே உஸ்தாஸின் வீட்டில் புதிதாக வாங்கிய பொருள் ஒன்றைக் காட்டச் சொன்னால் அவர் தன் பொய்ப்பல்லைத்தான் காட்ட வேண்டும். அதையும் காட்டமாட்டார். பிறவிப் பல் என்று சாதிப்பார். அவருடைய கார் பிறந்தபோது பெய்ரூத்தில் ட்ராம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வீட்டுக் குளிர்ப்பெட்டி உறுமத் தொடங்கினால் இரண்டு மாடி கீழே தூங்கும் குழந்தை எழுந்து பால் கேட்கும். உஸ்தாஸ் என்றால் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் ஆயுள் முழுக்கப் பூகோளம் சொல்லிக்கொடுத்தார், அதுவும் பழைய வரைபடத்தை மாட்டிவைத்து. இல்லாமல் போய்விட்ட நாடுகளின் தலைநகரங்களை அவருடைய மாணவர்கள் இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். இருக்கிற நாடுகளைக் கேட்டால்தான் முழிப்பார்கள்.

அப்படிப்பட்டவர் ஒரு ரெக்கார்ட் பிளேயர் வாங்கக் கிளம்பினார்.

காரணம் அவர் மனைவி வதாத். பத்தொன்பது வயதில் அவள் வானொலி நிலையத்துச் சேர்ந்திசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்தாள். குழு ஒரு சின்ன இசைத்தட்டு வெளியிட்டது. கூட்டமாகப் பாடும் அந்தப் பாட்டின் நடுவில் நாலே நாலு வரி வதாத் தனியாகப் பாடியிருந்தாள். தட்டு வெளிவந்த கையோடு அவள் அப்பா, "பாடினது போதும்" என்றார். போதும் என்றால் போதும்தான். வதாத் மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள், முப்பத்தொன்றாம் வயதில் நக்லேயைக் கட்டிக்கொண்டாள், அதற்குப் பிறகு காய் நறுக்கும்போதுகூட வாய் திறந்து பாடியதில்லை. தட்டும் எங்கோ தொலைந்துபோனது. இந்த வருடம் அவளுடைய மாமன் மகள் வீட்டைக் காலி செய்தபோது, பிஸ்கட் டப்பாவுக்குள் பொத்தான்களோடு பொத்தானாகக் கிடைத்தது.

அதே மாதம்தான் வதாத்தின் தொண்டையில் ஒரு கட்டி இருப்பதை டாக்டர் கண்டுபிடித்தார். வியாழக்கிழமை ஆபரேஷன். "குரல் அப்படியே இருக்கலாம் மதாம், மாறிப்போகலாம், போயேகூடப் போகலாம்" என்றார், உணவகத்தில் பட்டியல் வாசிப்பவர் போல.

வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றும்போது வதாத் சொன்னாள். "எனக்கொண்ணும் பயம் இல்ல நக்லே. ஆனா கத்தி வைக்கறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணை ஒரு தடவை கேட்டுடணும்."

அந்தப் பொண்ணு என்றுதான் சொன்னாள். யாரோ தூரத்து உறவுக்காரியைப் பற்றிப் பேசுவது போல.

விஷயம் கேள்விப்பட்டதும் மகள் ஜுமானா மாண்ட்ரியாலிலிருந்து கூப்பிட்டாள். "பாபா, தௌராவுல ஒரு கடையில புதுசு இருக்கு. சின்னப் பெட்டி மாதிரி. போன் பண்ணிக் கேட்டுட்டேன். வாங்கிட்டு வந்து சொருகுங்க, பட்டனை அமுக்குங்க, அவ்வளவுதான்."

"அது பிளாஸ்டிக்."

"ஆமா பாபா, பிளாஸ்டிக்தான். ஆனா பாடும்."

"குளியலறை வாளிகூடத்தான் தட்டினா பாடும்."

"கெஞ்சிக் கேக்கறேன், இந்த ஒரு தடவை மட்டும் பழசு வாங்காதீங்க."

சமையலறையிலிருந்து வதாத் குரல் கொடுத்தாள். அப்போதே கரகரத்துப்போன குரல். "யாருகிட்ட சொல்ற? என்னையே உங்கப்பா பழசாப் பாத்துத்தான் கட்டிக்கிட்டார்!"

நக்லே தௌராவுக்குத்தான் கிளம்பினார். இதைப் பின்னால் மாதா படத்தின் முன்னால் சத்தியம் செய்தே சொன்னார். வழியில் கார் தானாக இடதுபக்கம் திரும்பிவிட்டது, அந்த வயதுக் கார் சொன்னபடி கேட்காது, நின்று பார்த்தால் பஸ்தா, பழம்பொருள் கடைகளின் தெரு. கார் நின்ற இடத்துக்கு நேரெதிரே ஹாஜி மிஸ்பாஹின் கடை. உள்ளே தொங்கிய சரவிளக்குகளை எல்லாம் ஒன்றாக ஏற்றினால் சைப்ரஸிலிருந்து பார்த்துவிட்டுத் தீயணைப்புக் கப்பல் அனுப்புவார்கள்.

அந்தச் சரவிளக்குகளுக்குக் கீழே, ஒரு சிங்க முகச் சோபாவின் மேல், அது உட்கார்ந்திருந்தது. ஸ்விட்சர்லாந்தில் செய்தது. சாம்பல் நிறம். தட்டு வைக்கும் வட்டு மட்டுமே ஒரு ஆட்டுக்கடா கனம். வட்டின் விளிம்பு முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளிகள், பக்கத்தில் கடுகளவு சிவப்பு விளக்கு.

"இது கெட்டுப்போகணும்னா முதல்ல ஸ்விட்சர்லாந்து கெட்டுப்போகணும் உஸ்தாஸ்" என்றார் ஹாஜி. "இந்த விளக்கு வெளிச்சத்துல புள்ளியெல்லாம் நின்ன மாதிரி தெரியுதா? தெரிஞ்சா வேகம் சரின்னு அர்த்தம். மனுஷன் பொய் சொல்லுவான், புள்ளி சொல்லாது."

ஏதோ ஒரு தட்டை எடுத்துப் போட்டார். ஊது குழல் ஒன்று ஒலித்தது. கடைக்குள் பாலைவனமே வந்து, ஒட்டகத்தைக் கட்டிவிட்டு, சோபாவில் உட்கார்ந்து காபி கேட்டது. நக்லே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தௌராவில் இருந்த பிளாஸ்டிக் பெட்டி அந்த நொடியிலேயே உலகத்தை விட்டு மறைந்துபோனது.

லிஃப்ட் ஓடாத காலம். ஐந்தாம் மாடிக்கு அதை ஏற்றக் கட்டடக் காவல்காரன் அப்தோ ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகப் பிடித்தார்கள். மாடிக்கு மாடி உட்கார்ந்தார்கள். நான்காம் மாடியில் அப்தோ, "உஸ்தாஸ், உள்ளே ஆள் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டான்.

கதவைத் திறந்த வதாத் இடுப்பில் கை வைத்தாள். "என்ன நக்லே இது, கிப்பேக்குக் கறி இடிக்கிற கல்லா?"

"இதுலதான் உன் குரல் அதோட உண்மையான சைஸுக்கு வரும்."

"சைஸைப் பாத்தா எனக்கே பயமா இருக்கு."

மாலையில் தெரு ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. அரசாங்க மின்சாரம் அந்த நாட்களில் வெளிநாட்டு மாப்பிள்ளை மாதிரி, எப்போது வரும், எத்தனை நிமிடம் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. மற்ற நேரமெல்லாம் எட்டுத் தெருவுக்கும், எல்லாரும் முஅல்லிம், அதாவது முதலாளி, என்று கூப்பிடும் ஜிர்யுஸின் ஜெனரேட்டர்தான் சோறு போட்டது. நக்லே பிளேயரைப் பழைய ரேடியோவோடு இணைத்தார், தட்டை வைத்தார், குருவியைக் கூட்டில் விடுவதுபோல ஊசியை இறக்கினார். வதாத் நாற்காலி நுனியில் உட்கார்ந்து இடுப்பில் கட்டிய சமையல் துணியில் கையைத் துடைத்தாள். ஈரமில்லாத கையை.

சேர்ந்திசைக் குழு பாடத் தொடங்கியது. முப்பது எருமைகள் சேற்றில் இறங்கியது போல இருந்தது. இசை இழுத்து இழுத்து நடந்தது. பிறகு எருமைகள் ஒதுங்கி வழிவிட, நடுவிலிருந்து ஒரு கரடி எழுந்து நின்று நாலு வரி பாடியது.

பாட்டு முடிந்தது. நக்லேவுக்கு மனைவியைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

"இது எங்கப்பா குரல்" என்றாள் வதாத். "பாடாதேன்னு என்னைச் சொல்லிட்டு, அவர் போய்ப் பாடிட்டு வந்திருக்கார்!"

சிரித்துவிட்டுத்தான் சொன்னாள். சிரிப்பு முடிந்த பிறகும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவரைச் சுட்டது.

நக்லே குனிந்து புள்ளிகளைப் பார்த்தார். சிவப்பு வெளிச்சத்தில் ஒவ்வொரு புள்ளியும் ராணுவ அணிவகுப்பு மாதிரி அசையாமல் நின்றது. வேகம் சரி என்றது. காது கரடி என்றது.

மின்சாரத்தில் ஏற்ற இறக்கம்தான் காரணம் என்று முடிவு செய்தார். மறுநாள் குளிர்ப்பெட்டியின் ஸ்டெபிலைசரைப் பிடுங்கி இங்கே கொடுத்தார். கரடி. இரண்டாம் மாடி உம் இலியாஸிடம், அதாவது இலியாஸின் அம்மாவிடம், இன்னொன்று இரவல் வாங்கி, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தார். கரடி. முதல் மாடி கர்னல் சாசீனின் பேட்டரிப் பெட்டியைக் கொண்டுவந்து அதிலிருந்து கொடுத்துப் பார்த்தார். கரடி போய் வண்டுக்கூட்டம் வந்தது. அந்த ரீங்காரத்துக்கு உள்ளே யாராவது பாடுகிறார்களா இல்லையா என்பதைக் கடவுள்தான் சொல்ல வேண்டும். ஸ்டெபிலைசர்கள் வரவேற்பறையில் சவ ஊர்வலம் போல வரிசையாக நின்றன.

ஹாஜி மிஸ்பாஹைத் தொலைபேசியில் பிடித்தார்.

"பிளேயர்ல ஒரு குறையும் இல்ல உஸ்தாஸ், உங்க தெரு ஜெனரேட்டர்லதான்" என்றார் ஹாஜி, நல்ல செய்தி சொல்பவரைப் போல. "இந்த மாதிரி பழசெல்லாம் கரண்ட்டோட துடிப்புக்குத் தகுந்தபடிதான் சுத்தும். ஜெனரேட்டர் மெதுவா ஓடினா துடிப்பும் மெதுவாகும், தட்டும் மெதுவாகும். எங்க சந்தையில புது ஜெனரேட்டர், கடிகாரம் மாதிரி ஓடும்."

"அப்ப அந்தப் புள்ளி?"

"அந்த விளக்கும் அதே கரண்ட்லதானே எரியுது? ரெண்டும் சேர்ந்தே மெதுவாகும். அதனால எப்பவும் சரியாத்தான் காட்டும்."

"பொய்யே சொல்லாதுன்னு சொன்னீங்களே!"

"பொய் சொல்லல உஸ்தாஸ். அதுக்கு வெளியில நடக்கறது தெரியாது, பாவம்."

"புது பிளேயரா இருந்தா?"

"புதுசுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. கரண்ட் எப்படி வந்தாலும் அது பாட்டுக்கு ஒரே வேகத்துல சுத்தும்."

"இதை வாங்கும்போது சொல்லலையே!"

"நீங்க புதுசைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலையே."

நக்லே வாழ்க்கையில் முதல்முறையாகப் புதிதாக ஒன்றை வாங்கத் தலைகுனிந்து தௌராவுக்கு போன் செய்தார். "அதுவா? நேத்தே போயிடுச்சு" என்றது கடை. "அடுத்தது கப்பல்ல வருது. எப்ப வரும்னு கப்பலைத்தான் கேக்கணும்." தட்டோடு வதாத்தையும் பஸ்தாவுக்குக் கூட்டிப்போய்விடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அவளே மறுத்துவிட்டாள். "கடையில, நாலு தரகனுக்கு நடுவுல உக்காந்தா? அந்தப் பொண்ணு எனக்கு மட்டும்தான் பாடணும். அதுவும் என் வீட்டுல."

ஆகவே ஜிர்யுஸ். ரொட்டிக் கடையை ஒட்டிய சந்தில், லாரி அளவு ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஹூக்கா பிடித்துக்கொண்டிருந்தார். எட்டுத் தெருவின் விளக்கும் தண்ணீரும் அவர் கையில். அமைச்சர்களுக்குக்கூட அவ்வளவு வணக்கம் கிடைத்ததில்லை.

"முஅல்லிம், உங்க மோட்டார் கொஞ்சம் மெதுவா ஓடுது."

"மெதுவாவா? எந்த மோட்டாரை உஸ்தாஸ் சொல்றீங்க? இதையா? இதுக்கு முன்னாடி நின்னு அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க, காதுல விழுந்தா நின்னுடும்."

"டீசலை மிச்சம் பிடிக்க வேகத்தைக் குறைச்சு வெச்சிருக்கீங்க."

ஜிர்யுஸ் புகையை மெதுவாக விட்டார். "பல்ப் எரியுதா? எரியுது. அதுக்கு மேல உங்களுக்கு என்ன வேணும்?"

நக்லே சொன்னார். தட்டையும் சொன்னார், வியாழக்கிழமையையும் சொன்னார். ஜிர்யுஸ் ஹூக்காவைக் கீழே வைத்தார். வதாத் மருந்துக் கடையில் இருந்த காலத்தில் அவருடைய மூன்று பிள்ளைகளின் இருமலும் அவள் கையால்தான் அடங்கியிருந்தது. "மதாம் வதாத்துக்காகவா? முன்னாடியே சொல்றதுக்கென்ன!" என்று எழுந்து போய், எதையோ பிடித்து ஒரே திருகாகத் திருகினார்.

ஜெனரேட்டர் எகிறியது. நக்லே ஐந்து மாடியையும் ஓடியே ஏறி ஊசியை வைத்தார். கரடி போயிருந்தது. அதன் இடத்தில் ஒரு கோழிக்குஞ்சு நாலு வரியையும் ஒரே மூச்சில் கொத்தித் தின்றுவிட்டு ஓடியது. அதே நேரம் உம் இலியாஸின் சலவை இயந்திரம் சமையலறையிலிருந்து புறப்பட்டு நடைக்கு வந்து நின்றது. கர்னல் வீட்டில் இரண்டு பல்புகள் வெடித்தன, கர்னல் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டார். எட்டுத் தெரு ஜனமும் சந்தில் கூடிவிட்டது. ஜிர்யுஸ் பயந்து போய் திருகைத் திருப்பினார், முன்பு இருந்ததைவிட இன்னொரு சுற்றும் சேர்த்து.

அன்று மாலை கரடிக்குச் சளி பிடித்திருந்தது.

செவ்வாய்க்கிழமை வதாத் ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனைக்கு உம் இலியாஸோடு ஆஸ்பத்திரி போயிருந்தாள். நக்லே சோபாவில் சும்மா கிடந்தார். திடீரென்று தெரு முழுக்கக் கைதட்டல். அரசாங்க மின்சாரம்!

நக்லே அவசரப்பட்டதில் ஊசி இரண்டு முறை தட்டுக்கு வெளியே இறங்கியது. பிறகு பாட்டு வந்தது. மனிதர்கள் பாடினார்கள். எருமை இல்லை, வண்டு இல்லை, மனிதர்கள். நடுவில் ஒரு பெண் தனியாக எழுந்தாள். மல்லிகைக் கொடியிடம், என் ஜன்னல்வரைக்கும் ஏறாதே, அம்மா பார்த்துவிடுவாள் என்று சொன்னாள். நாலு வரி. நக்லே நின்றபடி கேட்டார். அவர் நாற்பது வருடமாகப் பக்கத்தில் படுத்துத் தூங்கிய ஒருத்தியை யாரோ இப்போதுதான் அறிமுகம் செய்துவைத்தது போல இருந்தது.

ஓடிப்போய் தொலைபேசியை எடுத்து அழுத்தினார். "வதாத்! கேளு, கேளு!" ஊசியை மறுபடி ஆரம்பத்தில் வைத்து, தொலைபேசியை ஸ்பீக்கர் வாயில் பிடித்தார். குழு பாடியது. பெண் எழுந்தாள். மின்சாரம் போனது. தொலைபேசியில், "நக்லே? நக்லே? என்ன, கியாஸ் கசியுதா? எதுக்குக் கத்தின?" என்று வதாத்தின் கரகரப்பு மட்டும் கேட்டது.

விஷயம் தெரிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எப்படி இருந்தா?"

"நல்லா இருந்தா வதாத். சரியா இருந்தா. அப்படியே அச்சு அசலா."

வதாத் கைப்பையை மேஜையில் வைத்தாள். "அது அச்சு அசல்னு உனக்கு எப்படித் தெரியும்? நீ அவளைப் பாத்ததே இல்லையே."

உண்மைதான். நக்லே சந்தித்தபோது அவள் பாட்டை நிறுத்திப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. அரசாங்க மின்சாரமும் எந்தத் திருகில் ஓடியதோ. சரியான குரல் எது என்று அறிந்த காது உலகத்திலேயே ஒரே ஜோடிதான், அது பாட்டு ஓடியபோது ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் புதன். அரசாங்கம் வரவில்லை. வெயில் சாயும் நேரத்தில் நக்லே கடைசியாக ஒரு முயற்சி செய்தார். எல்லாரும் எல்லாவற்றையும் போட்டால் ஜெனரேட்டர் மூச்சு வாங்கும், குரல் இறங்கும். சிலர் அணைத்தால் குரல் ஏறும். அப்படியென்றால், பாதிப் பேர் அணைத்தால்? மாடி மாடியாக இறங்கிக் கதவைத் தட்டினார்.

"ஹீட்டரை அணைக்கணுமா? இப்பதானே தலைக்கு எண்ணெய் வெச்சேன்!" என்றாள் உம் இலியாஸ். பிறகு, "மதாமுக்குன்னா ஒரு மாசம்கூட அழுக்கா இருப்பேன். எப்ப அணைக்கணும்னு மட்டும் கத்துங்க."

"உத்தரவு எங்கிருந்து வரும்?" என்றார் கர்னல், இஸ்திரிப் பெட்டியோடு கதவில் நின்று.

"என் மனைவிகிட்டேயிருந்து."

"எங்க வீட்டுலயும் அப்படித்தான்."

சமையலறைகளுக்கு நடுவே கீழிருந்து மேல்வரை போகும் காற்றுவழியின் அடியில், மேலிருந்து வரும் உத்தரவைக் கத்திச் சொல்ல, அப்தோ நின்றான். மேலே வதாத் நாற்காலியை பிளேயருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நக்லே சமையலறை ஜன்னலுக்கும் அவளுக்கும் நடுவே நின்றார். ஊசி இறங்கியது.

எருமைகள். வதாத் கண்ணை மூடி, வலது கையைக் கொஞ்சம் உயர்த்தினாள். பழைய குழுவின் மாஸ்டர் அப்படித்தான் காட்டியிருக்க வேண்டும்.

"அப்தோ, ஒண்ணு!" என்றார் நக்லே.

"கர்னல், இஸ்திரி!" என்று காற்றுவழியில் முழக்கம். குரல்கள் ஒரு படி ஏறின. வதாத்தின் கை இன்னும் என்றது. உம் இலியாஸின் ஹீட்டர் அணைந்தது. எருமைகள் ஆண்களானார்கள். ஆண்களுக்குள்ளிருந்து பெண்கள் பிரிந்து வந்தார்கள். வதாத்தின் தலை மெல்ல ஆடியது. இன்னும் ஒரு நூல், ஒரே ஒரு நூல். அவள் பாட வேண்டிய இடம் நெருங்கிக்கொண்டிருந்தது. நக்லே மூச்சையே விடவில்லை, அதற்கும் மின்சாரம் செலவாகுமோ என்று.

கீழே அப்தோவுக்கு ஆவேசம் வந்துவிட்டது. ஒரு கட்டடமே அவன் சொல்லுக்கு ஆடுகிறது! காற்றுவழியை விட்டுத் தெருவுக்கே ஓடினான். "ஜனங்களே! மதாம் வதாத்துக்கு நாளைக்கு ஆபரேஷன்! அவங்க பாட்டு ஓடுது! எல்லாத்தையும் அணைங்க!"

அந்தத் தெருவில் அவள் கையால் மருந்து வாங்கிக் குடிக்காதவர்கள் கிடையாது. எதிர்வீடு அணைத்தது. அதற்கு எதிர்வீடு அணைத்தது. முடிதிருத்துபவர் பாதி மீசையோடு ஒரு ஆளை உட்காரவைத்துவிட்டு அணைத்தார். ரொட்டிக்காரர் மாவு பிசையும் இயந்திரத்தையே நிறுத்தினார், யுத்த காலத்தில்கூட நிற்காத இயந்திரம். செய்தி தெருவிலிருந்து தெருவுக்குத் தாவியது. எட்டுத் தெருவும் ஒரு ஜன்னல் பாக்கியில்லாமல் பாசத்தில் இருண்டது.

பாரம் போனதும் ஜெனரேட்டர் கட்டவிழ்த்த கழுதையாகத் துள்ளியது. குரல்கள் ஏறின, சரியான இடத்தைத் தாண்டின, மேலும் ஏறின. வதாத்தின் கை கீழே, கீழே என்று அடித்துக்கொண்டது.

"போடச் சொல்லு! யாரையாவது எதையாவது போடச் சொல்லு!"

"போடுங்க!" என்று நக்லே ஜன்னலில் தொங்கிக் கத்தினார். "உம் இலியாஸ்! ஹீட்டர்!"

"அணைச்சாச்சு உஸ்தாஸ்! சத்தியமா அணைச்சாச்சு!" என்று பதில் வந்தது, பெருமையோடு.

சந்தில் ஜிர்யுஸ் தன் மீட்டரைப் பார்த்தார். முள் அடியில் படுத்திருந்தது. எட்டுத் தெருவில் ஒருத்தனுக்கும் கரண்ட் வேண்டாமாம். காற்றுக்கா டீசல் எரிப்பது? அணைத்தார்.

ரேடியோ செத்தது. சிவப்பு விளக்கு போனது. அந்தி வெளிச்சம் மட்டும் ஜன்னலில் மிஞ்சியது. நக்லே அறை நடுவில் அப்படியே நின்றார்.

ஆனால் அந்த ஆட்டுக்கடா வட்டு நிற்கவில்லை. தன் கனத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. வதாத் சட்டென்று குனிந்து காதை ஊசிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். நக்லேயும் குனிந்தார், இரண்டு தலையும் முட்டிக்கொண்டன. ஸ்பீக்கர் இல்லாமல், ஊசி முனையிலிருந்தே, எறும்பு பாடுவது போல ஒரு பாட்டு வந்துகொண்டிருந்தது. குழு ஒதுங்கியது. ஒரு சிறுமி மல்லிகைக் கொடியைக் கூப்பிட்டாள். வட்டு தளரத் தளர அவள் வளர்ந்தாள். இரண்டாவது வரியில் எங்கோ ஓரிடத்தில் வதாத்தின் விரல்கள் அவர் மணிக்கட்டைக் கவ்வின. நகம் பதிந்தது. ஒரு வரியும் இல்லை, பாதி வரி. பிறகு பிடி தளர்ந்தது. குரல் கனத்தது, முதிர்ந்தது, கரடியானது, நாலாம் வரியில் ஒரு சொல்லின் நடுவில் நின்றுபோனது.

நக்லே வட்டைத் தள்ளிவிட விரலை நீட்டினார். எவ்வளவு வேகத்தில்? அது அவருக்குத் தெரியாது. விரல் காற்றிலேயே நின்றது.

"மூச்சை அந்த இடத்துல வாங்கியிருக்கக் கூடாது" என்றாள் வதாத்.

"யாரு?"

"அவதான். மாஸ்டர் அன்னிக்கே திட்டினார்."

இருட்டுக்குள்ளிருந்து, காற்றுவழியில், அப்தோவின் குரல் வந்தது. "மதாம்! சரியா வந்துச்சா?" அவனுக்குப் பின்னால் ஒரு தெருவே காத்திருப்பது மூச்சில் தெரிந்தது. வதாத் பதில் சொல்லப் பார்த்தாள், குரல் ஜன்னலைக்கூடத் தாண்டவில்லை. "வந்துச்சுன்னு சொல்லு" என்றாள்.

"வந்துச்சு!" என்று கத்தினார் நக்லே.

எட்டுத் தெருவும் இருட்டில் கைதட்டியது. கர்னல் விசிலே அடித்தார். நக்லே ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு கைதட்டலையும் வாங்கிக்கொண்டார், எதற்கு என்று தெரியாமல்.

உள்ளே வதாத் ஆஸ்பத்திரிப் பையில் இரவுச் சட்டையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"எந்த இடம் வதாத்? எந்தச் சொல்லு?"

"பக்கத்துலதானே இருந்த? நீ கேக்கலையா?"

"உன் கையைப் பாத்துக்கிட்டிருந்தேன்."

"அப்ப போச்சு போ" என்றாள் அவள், சீப்பைத் தேடிக்கொண்டே.

அவர் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தார். நகக்குறி நாலும் இருந்தன. காலைக்குள் மறைந்துவிடும்.

கைதட்டி முடித்த ஜனங்கள் சுவிட்சுகளைப் போடத் தொடங்கினார்கள். ஜிர்யுஸ் மறுபடி கிளப்ப, சந்தில் ஜெனரேட்டர் இருமிவிட்டு ஓடியது. நிறுத்த மறந்திருந்த வட்டு, நின்ற சொல்லின் பாதியிலிருந்தே எழுந்து நகர்ந்தது, கரடி பாக்கி வரியைப் பாடி முடித்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. அதன் வெளிச்சத்தில் புள்ளிகள் எல்லாம் ஆடாமல் அசையாமல் நின்றன, வேகம் மிகச் சரி என்று.